உப்பு காத்த சரித்திரம்: ஹாலைன் பொருட்காட்சிசாலை

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் நாட்டுப் பழமொழி. உப்பு இல்லாத பண்டத்தின் கதி இதுவானால், உப்புக்குள்ளேயே அகப்பட்ட குப்பையின் கதி யாது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆஸ்திரியா நாட்டில் ஒரு மலை இவ்வினாவுக்கு விடை வைத்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சுரங்கத் தொழிலாளர் பயனற்றவை என்று எறிந்த கந்தல் துணி, ஒடிந்த காம்பு, அறுந்த செருப்பு ஆகியவை அம்மலையின் உப்புக்குள் அழியாமல் கிடந்து, இன்று அறிஞர்கள் போற்றிக் காக்கும் செல்வமாகி இருக்கின்றன. அம்மலையின் வரலாற்றை எடுத்துரைப்பதற்கென்றே அதன் அடிவாரத்தில் ஒரு பொருட்காட்சிசாலை உள்ளது. ஹாலைன் என்னும் சிற்றூரில் உள்ள கெல்ட்டியர் பொருட்காட்சிசாலை என்பது அதன் பெயர். 1882-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இச்சாலையைப் பற்றியும், அது நமக்குப் புகட்டும் ஒரு முக்கியமான பாடத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

மலைக்குள் ஒரு கடல்

ஹாலைன், சால்ஸ்பர்க் நகரத்துக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், சால்சாக் என்னும் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. ஊருக்கு மேலே எழுந்து நிற்கும் மலைக்கு டூர்ன்பெர்க் என்று பெயர். இவ்வட்டாரத்துப் பெயர்களே அதன் தொழிலைப் பறைசாற்றுகின்றன. சால்ஸ்பர்க் என்றால் உப்புக் கோட்டை என்பது பொருள். 'ஹால்' என்னும் ஒலியுடன் தொடங்கும் ஊர்கள் பலவும் உப்புத் தொழிலால் வளர்ந்தவை.

நம் நாட்டில் பெரும்பாலான உப்பு, கடல் நீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் உலர்த்துவதால் கிடைக்கிறது. ஆல்ப்ஸ் மலைநாட்டிலோ கடல் வெகுதொலைவில் உள்ளது, வெயிலும் போதாது. ஆனால் ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமில்லாத ஒரு கடல் இருந்தது. அக்கடல் நீர் வற்றியபோது உப்பு அடுக்கடுக்காகப் படிந்தது. அதன்மேல் வேறு மண்ணும் பாறையும் படிந்து மூடின. பின்னர் பூமியின் மேலோடு மடிந்து ஆல்ப்ஸ் மலைத்தொடர் எழுந்தபோது, இவ்வுப்புப் படிவங்களும் நசுங்கியும் கலங்கியும் மலைகளின் வயிற்றுக்குள் சென்றன. ஆகவே டூர்ன்பெர்க்கில் கிடைப்பது, நம் நாட்டு மருந்துக் கடைகளில் இந்துப்பு என்று விற்கப்படும் கல்லுப்பின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் அது தூய கட்டியாக மட்டும் இருப்பதில்லை. களிமண்ணும் ஜிப்சமும் உப்பும் ஒன்றோடொன்று பிசைந்தாற்போல் கலந்து கிடக்கின்றன. இக்கலப்பைப் பற்றி நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கூறப்போகும் வியப்புகளுக்கெல்லாம் இதுவே காரணம்.

குளிர்காலம் நீண்ட நாடுகளில் உப்பு, சுவைக்காக மட்டும் தேவைப்பட்ட பொருளன்று. பனி மூடிய மாதங்களில் உண்பதற்காக இறைச்சியையும் மீனையும் பாலாடைக்கட்டியையும் கெடாமல் வைத்திருக்க உப்பே துணை. ஆகவே உப்பு வைத்திருந்தவன் செல்வன் ஆனான்.

கெல்ட்டியரின் சுரங்கம்

கெல்ட்டியர் என்பது, ஒன்றுக்கொன்று உறவுடைய மொழிகளைப் பேசி, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பரவி வாழ்ந்த பல குலங்களுக்கு வழங்கும் பொதுப் பெயர். அவர்களுக்கு ஓர் அரசனோ ஒரே நாடோ இருந்ததில்லை. இரும்பை உருக்கி வேலை செய்வதிலும், வெண்கலத்தில் நுண்ணிய வேலைப்பாடு செய்வதிலும் அவர்கள் கைதேர்ந்தவர்கள். அவர்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் கிரேக்கரும் ரோமருமே. எனவே கெல்ட்டியரின் வாழ்வை அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களைக் கொண்டே நாம் அறிய வேண்டியிருக்கிறது.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டளவில் டூர்ன்பெர்க்கில் சுரங்கத் தொழில் தொடங்கியது. கி.மு. முதல் நூற்றாண்டு வரையில் அது நடைபெற்றது. இரும்பாலான குந்தாலிகளை மரக் காம்புகளில் பொருத்தி, உப்புப் பாறையைக் கொத்தினர். மெல்லிய மரச் சிராய்களைக் கொளுத்தி அவற்றின் ஒளியில் வேலை செய்தனர். கூரை இடியாமல் இருக்க மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தனர்.

ஆனால் உப்பும் களிமண்ணும் கலந்த பாறை, கருங்கல்லைப் போல் அசையாது நிற்பதன்று. மேலேயுள்ள மலையின் பாரம் அழுத்த, அது பிசைந்த மாவைப் போல் மெல்ல மெல்ல நகர்ந்து, மனிதன் தோண்டிய வெற்றிடங்களை நிரப்பிவிடுகிறது. சில வேளைகளில் மேற்பரப்பிலிருந்து நீரும் சேறும் பாய்ந்து சுரங்கத்தை அடைத்ததும் உண்டு. இவ்வாறு கெல்ட்டியர் தோண்டிய குகைகள் யாவும், அவற்றில் கிடந்த கழிவுகளோடு சேர்ந்து மூடிக்கொண்டன. பிற்காலத்துச் சுரங்கத் தொழிலாளர் இத்தகைய பகுதிகளை வெட்டிச் செல்லும்போது, பாறைக்குள் மரத்துண்டும் துணியும் தோலும் பதிந்திருக்கக் கண்டனர். கிறிஸ்தவ சமயம் பரவுவதற்கு முற்பட்டோரின் வேலை இது என்று உணர்ந்து, அப்பாறைக்குப் 'புறச்சமயத்தார் மலை' என்று பொருள்படும் பெயரை இட்டனர்.

இப்பொருள்கள் ஏன் அழுகவில்லை? ஊறுகாயும் கருவாடும் கெடாமல் இருப்பதற்கு எது காரணமோ, அதுவே இதற்கும் காரணம். உப்பு தன்னைச் சூழ்ந்துள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. அழுகலை விளைவிக்கும் நுண்ணுயிர்கள் அந்நிலையில் தம் உடலிலுள்ள நீரையும் இழந்து செயலற்றுப் போகின்றன. மலைக்குள் காற்றோட்டமும் இல்லை. வெப்பநிலையும் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. சாதாரண மண்ணில் சில ஆண்டுகளில் மக்கிப்போகும் துணியும் தோலும் நிறம்கூட மாறாமல் அங்கே கிடப்பதற்கு இவையே காரணம்.

மறுபடியும் புதைக்கப்பட்ட மனிதன்

இம்மலையிலிருந்து வெளிவந்தவற்றுள் மிக வியப்பானவை இன்று எந்தப் பொருட்காட்சிசாலையிலும் இல்லை. அவை மனித உடல்கள்.

16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு முறையும், 1616-ஆம் ஆண்டில் மற்றொரு முறையும், டூர்ன்பெர்க் சுரங்கத்தின் உட்பகுதியில் பழங்காலத்து மனிதனின் உடல் காணப்பட்டது. முதலாவது உடலைப் பற்றி 1666-இல் அச்சான சால்ஸ்பர்க் நாட்டு வரலாற்று நூல் ஒன்று விவரிக்கிறது. தசையும் எலும்பும், தலைமயிரும் தாடியும், உடுத்திய உடையும் அழியாமல் இருந்தனவாம். தோல் மட்டும் மஞ்சள் நிறமடைந்து, உலர்ந்த மீனைப் போல் இறுகிக் கிடந்ததாம். சுரங்க விபத்தில் சிக்கி, மலையே தனக்குக் கல்லறையாக இரண்டாயிரம் ஆண்டுகள் கிடந்த ஒரு தொழிலாளி அவன் என்று இன்று நாம் ஊகிக்கிறோம்.

அன்று அவ்வுடலைக் கோயிலின் அருகே சில வாரங்கள் வைத்திருந்தனர். மக்கள் வந்து கண்டு வியந்தனர். ஆனால் உப்பின் காவலை விட்டு ஈரக்காற்றுக்கு வந்த உடல் அழுகத் தொடங்கியது. எனவே அதனைப் புதைத்துவிட்டனர். அவ்வளவே. அவன் அணிந்த உடை எவ்வகை நூலால் நெய்யப்பட்டது, எந்தக் கருவிகள் உடன் கிடந்தன, உடலில் என்ன காயங்கள் இருந்தன என்பவற்றை எவரும் குறித்து வைக்கவில்லை. 1734-இல், கிழக்கே ஹால்ஸ்டாட் என்னும் ஊரிலுள்ள மற்றொரு உப்புச் சுரங்கத்தில் அகப்பட்ட உடலுக்கும் இதே கதிதான் நேர்ந்தது.

இழப்பின் அளவை உணர வேண்டுமானால் ஈரான் நாட்டைப் பார்க்க வேண்டும். அங்கே சேராபாத் என்னும் உப்புச் சுரங்கத்தில் 1993-இல் ஒரு மனிதனின் தலையும், காலணியோடு கூடிய காலின் பகுதியும் கிடைத்தன. பிற்பாடு வேறு உடல்களும் அங்கே அகப்பட்டன. அவற்றை விஞ்ஞானிகள் காத்து ஆராய்ந்ததனால், அம்மனிதர்களின் காலம், உணவு, நோய், உடை ஆகியவற்றைப் பற்றி நிறையச் செய்திகள் வெளியாயின. டூர்ன்பெர்க் மனிதர்களும் இவற்றையெல்லாம் நமக்குச் சொல்லியிருப்பார்கள். அவர்களைக் கண்டெடுத்தவர்கள் கொடியவர் அல்லர். ஓர் உடலுக்குச் செய்யத்தக்க மரியாதையைச் செய்தார்கள். ஆனால் கண்டதைக் குறித்து வைக்கும் பழக்கம் அன்று தோன்றியிருக்கவில்லை.

கல்லறைகள் காட்டும் செல்வம்

மலைமேல் கெல்ட்டியர் வாழ்ந்த இடங்களைச் சுற்றி அவர்களுடைய கல்லறைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஹாலைன் பொருட்காட்சிசாலையின் புகழுக்குப் பெரும்பகுதி காரணம் இக்கல்லறைகளில் கிடைத்த பொருள்களே. அவற்றுள் தலைசிறந்தது, 1932-இல் அகப்பட்ட அலகு மூக்குக் கூஜா. வெண்கலத் தகட்டைத் தட்டி உருவாக்கப்பட்ட இக்கலத்தின் வாய், பறவையின் அலகைப் போல் நீண்டிருக்கிறது. கைப்பிடி ஒரு விலங்கின் வடிவில் வளைந்து, தன் வாயருகே ஒரு மனிதத் தலையைத் தாங்கி நிற்கிறது. விளிம்பில் வேறு சிறு விலங்குகளும் அமர்ந்துள்ளன. கி.மு. 400-ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்தது இது.

இக்கூஜாவின் அமைப்பு இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்களின் மதுக் கலங்களைப் பின்பற்றியது. ஆனால் வேலைப்பாடு முழுவதும் கெல்ட்டியக் கலைஞனுடையது. ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்த நாகரிகப் பொருளை உள்ளூர்க் கலைஞன் கண்டு, அதனைத் தன் கற்பனைக்கு ஏற்ப மாற்றியிருக்கிறான். பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த அம்பர் மணிகளும், மத்தியதரைக் கடலிலிருந்து வந்த பவளமும் இக்கல்லறைகளில் கிடைத்துள்ளன. பொன்னால் செய்த சிறு படகு ஒன்றும் கிடைத்திருக்கிறது. குழந்தைகளின் கல்லறைகளில், நம்மவர் தாயத்துக் கட்டுவது போலத் தீங்கை விலக்கும் என்று நம்பி வைத்த மணிகளும் சிறு உருவங்களும் காணப்படுகின்றன. உழுதுண்பதற்குப் போதிய நிலமும் இல்லாத ஒரு மலையூருக்கு வடகடலிலிருந்தும் தென்கடலிலிருந்தும் பொருள்கள் வந்து குவிந்ததற்கு உப்பு ஒன்றே காரணம்.

குப்பை கூறும் செய்தி

கல்லறையில் வைக்கப்படும் பொருள்கள், உயிரோடிருப்பவர் தெரிந்தெடுத்து வைத்தவை. அவை பெருமையைக் காட்டும். குப்பையை எவரும் தெரிந்தெடுத்து வைப்பதில்லை. ஆகையால் அது மறைப்பதும் இல்லை. டூர்ன்பெர்க்கின் செல்வத்தை ஈட்டியவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிய, நாம் கூஜாவை விட்டுச் சுரங்கக் குப்பைக்குத் திரும்ப வேண்டும்.

அங்கே கிடைத்த துணித் துண்டுகள் நூற்றுக்கணக்கானவை. சாதாரண நிலத்தில் இக்காலத்துத் துணிகள் மிக அரிதாகவே கிடைப்பதால், ஐரோப்பாவின் பழங்கால நெசவை அறிய இவை விலைமதிப்பற்ற சான்றுகளாகும். பழைய உடைகள் கிழிந்தபின் அவற்றைச் சுரங்க வேலைக்குப் பயன்படுத்தி, பின்னர் எறிந்திருக்கின்றனர். சாயமிட்ட நூல்களின் நிறம் இன்றும் விளங்குகிறது.

அவற்றினும் எளிய ஒரு பொருள் விஞ்ஞானிகளுக்கு மிகவும் பயன்பட்டது. அது மனித மலம். அருவருப்புக் கொண்டு ஒதுக்கிவிடாமல் அதனை நுண்பெருக்காடியின் கீழ் வைத்து ஆராய்ந்ததனால், தொழிலாளர் உண்ட பார்லி, தினை வகைகள், அவரை இனத்துப் பயறு ஆகியவற்றின் எச்சங்கள் வெளிப்பட்டன. கூடவே உருண்டைப் புழு, சாட்டைப் புழு ஆகிய குடற்புழுக்களின் முட்டைகளும் காணப்பட்டன. உப்பை வெட்டியெடுத்தவர்கள் வயிற்றுப் புழுவோடு வேலை செய்தார்கள் என்பதை எந்தப் பொற்படகும் நமக்குச் சொல்லியிராது.

2023-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் போகும் நகரத்திலுள்ள சுரங்கத்தொழில் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், பேராசிரியர் தாமஸ் ஸ்டோல்னரின் தலைமையில் டூர்ன்பெர்க் சுரங்கத்தினுள் அகழ்ந்தபோது ஒரு தோல் செருப்பு கிடைத்தது. அது குழந்தையின் செருப்பு. இன்றைய ஐரோப்பியக் கணக்கில் 30-ஆம் எண் அளவுள்ளது.  அதனைக் கட்டுவதற்குப் பயன்பட்ட, ஆளிச்செடியின் நாராலானதாகக் கருதப்படும் கயிற்றின் பகுதியும் உடனிருந்தது. செருப்பு செய்யப்பட்ட காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. அதே இடத்தில் மர மண்வாரி ஒன்றின் பாதியும், குல்லாயின் பகுதியாக இருக்கக்கூடிய மென்மயிர்த் தோல் ஒன்றும் அகப்பட்டன.

சிறுவர்களின் காலணிகள் இதற்கு முன்னரும் இச்சுரங்கத்தில் கிடைத்ததுண்டு. மலைக்குள், இருளில், மரச் சிராயின் புகையில், குழந்தைகளும் இருந்தனர் என்பதற்கு இவை சாட்சிகள். அம்பர் மணிகளோடு புதைக்கப்பட்ட குழந்தையும், சுரங்கத்தில் செருப்பை விட்டுச் சென்ற குழந்தையும் ஒரே மலையைச் சேர்ந்தவர்கள். கல்லறையை மட்டும் பார்த்திருந்தால் ஒரு குழந்தையையே நாம் அறிந்திருப்போம்.

கரைத்தெடுத்த உப்பு

கெல்ட்டியருக்குப் பின் பல நூற்றாண்டுகள் டூர்ன்பெர்க் சுரங்கம் உறங்கிக் கிடந்தது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சால்ஸ்பர்க் பேராயர்கள் அதனை மறுபடியும் தொடங்கினர். இப்பேராயர்கள் சமயத் தலைவர்களாக மட்டுமின்றி நாட்டை ஆளும் மன்னர்களாகவும் விளங்கினர்.

இம்முறை கையாளப்பட்ட வழி வேறு. பாறையைக் கொத்தியெடுப்பதற்குப் பதிலாக, மலைக்குள் அறைகளை வெட்டி அவற்றில் நன்னீரை நிரப்பினர். நீர், சுவரிலும் கூரையிலுமுள்ள உப்பைக் கரைத்துக்கொள்ளும். கரையாத களிமண் தரையில் படியும். கரைசலின் எடையில் நான்கிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்ட அளவுக்கு உப்புச் சேர்ந்ததும் அதற்குமேல் கரைவதில்லை. அந்நிறைந்த கரைசலைக் குழாய்கள் வழியே ஹாலைனுக்குக் கொண்டுவந்து, அகன்ற இரும்புக் கொப்பரைகளில் காய்ச்சினர். நீர் ஆவியாக, வெண்மையான உப்பு எஞ்சியது. அதனைப் படகுகளில் ஏற்றி, சால்சாக் ஆற்றின் வழியாக வெளிநாடுகளுக்கு அனுப்பினர். கொப்பரைகளின் அடியில் எரிக்க ஏராளமான விறகு வேண்டியிருந்தது. மேல்மலைக் காடுகளில் மரங்களை வெட்டி, அதே ஆற்றில் மிதக்கவிட்டு ஹாலைனில் தடுத்து எடுத்தனர்.

இத்தொழிலை நிர்வகிப்பதற்காக 1654-இல் கட்டப்பட்ட அலுவலகமே இன்று பொருட்காட்சிசாலையாக இருக்கிறது. அதனுள் பேராயருக்கென அமைந்த மூன்று அறைகளின் சுவர்களில், உப்புத் தொழிலை விளக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்களைக் காணலாம். 1757-இல் பேராயர் ஷ்ராட்டன்பாக் காலத்தில் தீட்டப்பட்டவை அவை. ஒரு தொழிலின் செய்முறைகளை இத்தனை விரிவாக ஓவியத்தில் பதித்துவைத்த இடங்கள் உலகில் மிகச் சிலவே. எழுத்தறியாத பார்வையாளரும் அவற்றைக் கண்டு தொழிலைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் ஓவியங்களின் அமைதியைக் கொண்டு அக்காலத்தை அளந்துவிடலாகாது. உப்புக்காகப் போர் நிகழ்ந்ததுண்டு. 1611-இல் பேராயர் வோல்ஃப் டீட்ரிக், அண்டையிலிருந்த பெர்க்டஸ்காடன் நாட்டின் மீது படையெடுத்தார். உப்பு வாணிகத்தில் எழுந்த பகையே இதற்கு அடிப்படை. பவேரியாவின் கோமகன் மாக்ஸிமிலியன் பெரும்படையோடு வந்து அவரை வீழ்த்தினார். 1612-இல் பதவியைத் துறந்த பேராயர், தம் சொந்தக் கோட்டையிலேயே சிறைப்பட்டிருந்து 1617-இல் மறைந்தார். தொழிலாளரும் துன்புற்றனர். சீர்திருத்தக் கிறிஸ்தவ நெறியைப் பின்பற்றியதற்காக, 1732-இல் எழுநூற்றுக்கும் மேற்பட்ட டூர்ன்பெர்க் மக்கள் நாட்டைவிட்டு வெளியேறி நெதர்லாந்துக்குச் செல்ல நேர்ந்தது. மேற்கூறிய ஓவியங்கள் தீட்டப்பட்டது அதற்கு 25 ஆண்டுகளுக்குப் பின்னரே.

பகையை உடன்பாட்டினால் தீர்த்துக்கொண்ட வரலாறும் இங்கு உண்டு. 1829-இல் ஆஸ்திரியாவும் பவேரியாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி டூர்ன்பெர்க் தொழிலாளர் பவேரிய எல்லைக்கு அடியிலும் உப்பு எடுக்கலாம். அதற்கு ஈடாகப் பவேரியா ஆஸ்திரிய மண்ணிலுள்ள சில காடுகளில் மரம் வெட்டலாம். உப்புக்கு மரம் என்னும் இவ்வுடன்பாடு 1957-இல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் வழங்குகிறது. 1989-இல் டூர்ன்பெர்க்கில் உப்பு எடுப்பது நின்றது. இப்பொழுது சுரங்கத்தைப் பார்வையிட வருவோர், தரைக்கு அடியிலேயே இரு நாடுகளின் எல்லையைக் கடந்து திரும்புகின்றனர்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

ஹாலைனின் வரலாற்றில் இருவகைக் கண்டுபிடிப்புகளைப் பார்த்தோம். அழியாத மனித உடல் ஒன்று கிடைத்தது. அது பயனின்றி மறைந்தது. அறுந்த செருப்பு ஒன்று கிடைத்தது, அது பேசுகிறது. பொருளின் அருமை பெருமையால் இவ்வேறுபாடு ஏற்படவில்லை. கண்டெடுத்தவர் கேட்கத் தெரிந்த கேள்விகளே வேறுபாட்டுக்குக் காரணம். செருப்பு எந்த இடத்தில், எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பது குறிக்கப்பட்டது. அக்குறிப்பு இல்லையேல் அது வெறும் பழந்தோலே.

இவ்வாறு குறித்து வைக்கப் பெரும் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. முன்பு கூறிய ஹால்ஸ்டாட்டில், சுரங்க அதிகாரியாகப் பணியாற்றியவர் யோஹான் கேயார்க் ராம்சவர். 1846-இல் அவருடைய கண்ணில் பழைய கல்லறைகள் பட்டன. 1863 வரையில் அவர் ஏறக்குறைய 980 கல்லறைகளைத் தோண்டினார். ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, எலும்பும் பொருளும் கிடந்த நிலையை வரைபடமாகத் தீட்டச் செய்து, விவரம் எழுதி வைத்தார். அவர் தொல்பொருள் அறிஞர் அல்லர். ஆயினும் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டே பிற்கால அறிஞர்கள் ஐரோப்பாவின் ஒரு காலப்பகுதிக்கு ஹால்ஸ்டாட் காலம் என்று பெயரிட்டு ஆராய முடிந்தது.

கிணறு வெட்டும்போதும், சாலைக்கு மண் எடுக்கும்போதும், வாய்க்கால் தோண்டும்போதும் முதலில் அங்கே நிற்பவர்கள் நம் களப் பணியாளர்களே. பானை ஓடோ, பழைய காசோ, எலும்போ தென்பட்டால் தோண்டுவதை அவ்விடத்தில் நிறுத்துக. பொருளை எடுத்துக் கழுவாதீர்கள். கிடந்தபடியே படம் எடுங்கள். ஊர், நாள், நிலமட்டத்திலிருந்து ஆழம், உடன் கிடந்தவை ஆகியவற்றை அன்றைக்கே எழுதுங்கள். ஈரமான மரமோ துணியோ தோலோ ஆனால், அது வெயிலில் உலராமல் மூடி வையுங்கள். டூர்ன்பெர்க் மனிதனைக் கெடுத்தது இடமாற்றமே என்பதை மறவாதீர்கள். பிறகு வருவாய்த் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் அறிவியுங்கள். 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டமும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. அவ்வறிவிப்பில் பொருளின் தன்மையோடு, கிடைத்த இடத்தையும் நாளையும் குறிப்பிட வேண்டும் என்று அச்சட்டம் கேட்பதைக் கவனிக்க.

ஆசிரியர்கள் இப்பாடத்தை வகுப்பிலேயே செய்துகாட்டலாம். இரண்டு மண்சட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சாதாரண ஈரமண்ணையும், மற்றொன்றில் களிமண்ணோடு ஏறக்குறைய சம அளவு உப்பைப் பிசைந்தும் நிரப்புங்கள். ஒரே அளவான பருத்தித் துணித் துண்டு, பச்சை இலை, வாழைப்பழத் தோல் ஆகியவற்றை இரண்டிலும் புதையுங்கள். எந்தச் சட்டியில், எவ்வளவு ஆழத்தில், எந்த நாளில் எது வைக்கப்பட்டது என்பதை மாணவர்களே எழுதட்டும். முதற்சட்டி காய்ந்துவிடாமல் அவ்வப்போது நீர் தெளியுங்கள். இரண்டு மாதங்கள் கழித்து மெல்ல அகழ்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உப்பின் தொழிலை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். தாம் எழுதிய குறிப்பு இல்லாவிட்டால் எது எதுவென்று அடையாளம் காண இயலாது என்பதையும் உடனே உணர்வர்.

கோயிலருகே சில வாரங்கள் கிடந்து மண்ணுக்குத் திரும்பிய டூர்ன்பெர்க் தொழிலாளியை இனி எவராலும் மீட்க முடியாது. அவனுடைய பெயர் நமக்குத் தெரியாது; அவன் உடையின் நிறமும் தெரியாது. அவனை ஒத்த வேறொருவன் நம் நாட்டின் ஏதோ ஒரு மண்ணடியில் கிடந்து, நாளை ஒரு பணியாளரின் மண்வெட்டிக்கு எதிர்ப்படலாம். அந்த வேளையில் அருகில் ஒரு குறிப்பேடும், அதில் எழுதத் தெரிந்த ஒருவரும் இருக்கும்படி செய்வது நம் கடமை.